கல்லிலிருந்து கல்லுக்கு: சுண்ணாம்பு கடந்து வந்த வழி

காவிரியின் வடகரையில், திருச்சிராப்பள்ளியிலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில், முசிறிக்கு மேற்கே அமைந்துள்ள ஊர் தொட்டியம். வாழையும் வெற்றிலையும் கோரையும் செழித்து விளையும் பகுதி அது. அகத்தி நிழலில் படர்ந்த கொடிக்கால்களில் கிள்ளப்படும் வெற்றிலை கவுளி கவுளியாக அடுக்கப்பட்டு வெளியூர்களுக்குச் செல்கிறது. நம் சமுதாயத்தின் நிச்சயதார்த்தங்களில் இன்றும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது வழக்கிலிருக்கிறது. வெற்றிலையின் காரத்தையும் பாக்கின் துவர்ப்பையும் பற்றிப் பேசுவோர் பலர். விரல் நுனியில் தொட்டுத் தடவப்படும் அந்த வெள்ளைக் களிம்பைப் பற்றி நின்று சிந்திப்போர் மிகச் சிலரே.

அந்தச் சுண்ணாம்பையே இக்கட்டுரையின் பொருளாக நாம் எடுத்துக்கொள்கிறோம். வேதியியல் இதனைக் கால்சியம் ஆக்ஸைடு என்கிறது. உலகில் மனிதன் செய்யக் கற்ற உலோக ஆக்ஸைடுகளில் மிகப் பழமையானவற்றுள் இதுவும் ஒன்று. வெற்றிலைப் பெட்டியிலும் பதநீர்க் கலயத்திலும் தோல் பதனிடும் தொட்டியிலும், ஃபிக்ஹு நூல்களின் தூய்மைப் பாடத்திலும், தர்காக்களின் மினாராக்களிலும் இது இடம்பெற்றிருக்கிறது. இதன் இயல்பை நம் முன்னோர் அறிந்திருந்தனர். நாமோ மறந்து வருகிறோம். அந்த மறதிக்கு நம் பழம் பள்ளிவாசல்களின் சுவர்கள் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதே நாம் சொல்ல வரும் செய்தி.

கல், நெருப்பு, நீர், காற்று

சுண்ணாம்புக்கல், சுக்கான்கல், கிளிஞ்சல், பவளப்பாறை ஆகிய இவை யாவும் அடிப்படையில் ஒரே பொருளே: கால்சியம் கார்பனேட். இதனைக் காளவாசலில் இட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. 100 பங்கு தூய கல்லைச் சுட்டால் 44 பங்கு காற்றோடு போய், 56 பங்கு மட்டுமே எஞ்சும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. உருவத்தில் அதே கல்தான். கையில் எடுத்தால் எடை குறைந்திருக்கும். இவ்வாறு சுடப்பட்ட கல் எளிதில் உருகாது. 2,600 பாகை அளவிலேயே அது இளகத் தொடங்கும். 1820-களில் ஐரோப்பாவில் இதன் துண்டொன்றைக் கடும் சுடரில் வைத்துக் கண்கூசும் ஒளி பெற்றனர். நில அளவையாளரும் பின்னர் நாடக அரங்கினரும் அவ்வொளியைப் பயன்படுத்தினர்.

சுட்ட சுண்ணாம்பில் நீரை ஊற்றினால் அது சீறும், கொதிக்கும், ஆவி பறக்கும். கட்டி வெடித்துப் பூத்து வெண்பொடியாகும். இதைத் தமிழில் ‘நீற்றுதல்’ என்கிறோம். 56 பங்கு சுண்ணாம்பு 18 பங்கு நீரை ஏற்று 74 பங்கு நீற்றிய சுண்ணாம்பு ஆகிறது. வெற்றிலையில் தடவுவதும் சுவரில் அடிப்பதும் இதுதான். ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்கும் குறைவாகவே இது கரையும். ஆயினும் அச்சிறு அளவே நீரைக் கடும் காரமாக்கப் போதும். ‘ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு’ என்னும் பழமொழி ஓரவஞ்சனையைக் குறிக்கப் பிறந்தது. அதற்கு அடியில் இருப்பதோ, காரம் கண்ணின் கருவிழியை அவித்துவிடும் என்ற பட்டறிவு. இன்றும் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடிக் கண்ணிழந்த குழந்தைகளைக் கண் மருத்துவமனைகள் காண்கின்றன. சைவ இலக்கியத்தில் திருநாவுக்கரசரை ‘நீற்றறை’யில் அடைத்த செய்தி வருகிறது. நீற்றறை என்பது சுண்ணாம்புக் காளவாசலே.

மூன்றாம் கட்டமே நம் நோக்கத்துக்கு முதன்மையானது. சுவரில் பூசப்பட்ட நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொள்கிறது. 74 பங்கு சுண்ணாம்பு 44 பங்கு வாயுவை ஏற்று, 18 பங்கு நீரை வெளியிட்டு, மீண்டும் 100 பங்கு கல்லாகிறது. காளவாசலில் இழந்த அதே 44 பங்கைத்தான் அது காற்றிடமிருந்து திரும்பப் பெறுகிறது. இத்திரும்புதல் ஒரு நாளில் நிகழ்வதன்று. கனத்த சுவரின் உட்புறத்தில் பல ஆண்டுகள்கூட ஆகும். சுண்ணாம்புக் கட்டடத்தின் வலிமையும் அதன் பலவீனமும் இந்தப் பொறுமையில் அடங்கியுள்ளன.

கில்ஸ், நூரா, கலீ

சுண்ணாம்பை அரபு மொழி ‘கில்ஸ்’ என்றும் ‘நூரா’ என்றும் அழைக்கிறது. கில்ஸ் என்பதிலிருந்து பிறந்ததே ‘தக்லீஸ்’. பொருளை நெருப்பிலிட்டுச் சுட்டுப் பொடியாக்கும் செயலை இஸ்லாமிய வேதியியலாளர் இச்சொல்லால் குறித்தனர். கில்ஸ் என்பதற்கும் லத்தீனில் சுண்ணாம்பைக் குறிக்கும் ‘கல்க்ஸ்’ என்பதற்கும் உறவுண்டு. அந்த லத்தீன் சொல்லிலிருந்தே ‘கால்சியம்’ என்ற பெயர் வந்தது. நம் சித்த மருத்துவமும் சுட்டு நீற்றிய மருந்துகளைச் ‘சுண்ணம்’ என்றே அழைப்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சுண்ணாம்பு சுடும் தொழில் எத்தனையோ நாடுகளில் வேதியியலுக்கு முதல் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

ரய் நகரில் பிறந்து கி.பி. 925-ஐ ஒட்டி மறைந்த அபூபக்கர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ, தமது ‘கிதாபுல் அஸ்ரார்’ நூலில் தக்லீஸைச் செய்முறைகளுள் ஒன்றாக விரித்துரைக்கிறார். நீற்றாத சுண்ணாம்பையும் ‘கலீ’ எனப்படும் செடிச் சாம்பல் உப்பையும் நீரில் சேர்த்து ‘கூர்மையான நீர்’ தயாரிக்கும் முறையும் அவரிடம் உண்டு. இன்றைய மொழியில் அது எரிசோடாக் கரைசல். அல்-கலீ என்ற சொல்லே ஐரோப்பிய மொழிகளில் காரத்தைக் குறிக்கும் ‘அல்கலி’ ஆயிற்று. சவர்க்காரத் தொழில் இந்தக் காரத்தின் மேல் எழுந்தது.

ஆனால் சுட்ட கல் ஏன் எடை குறைகிறது, ஏன் காரமாகிறது என்பதற்கு விடை கிடைக்க வெகு காலம் ஆயிற்று. நெருப்பின் ஒரு கூறு சுண்ணாம்பில் நுழைவதாலேயே காரம் வருகிறது என்று நெடுநாள் நம்பினர். ஸ்காட்லாந்தின் ஜோசஃப் பிளாக் 1756-இல் வெளியிட்ட ஆய்வில், காரணம் நெருப்பு நுழைவதன்று, ஒரு காற்று வெளியேறுவதே என்று தராசின் துணையால் நிறுவினார். 1789-இல் லவாஸியே தம் தனிமங்களின் பட்டியலில் சுண்ணாம்பையும் சேர்த்திருந்தார். 1808-இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு கால்சியம் என்னும் உலோகத்தைப் பிரித்தெடுத்தபோதுதான், நம் வெற்றிலைப் பெட்டியில் இருப்பது ஓர் உலோகத்தின் ஆக்ஸைடிலிருந்து பிறந்தது என்பது உறுதியாயிற்று.

ஃபிக்ஹு நூல்களில் நூரா

வேதியியலாளர் மட்டுமன்றிச் சட்ட அறிஞரும் சுண்ணாம்பைப் பற்றிச் சிந்தித்துள்ளனர். நீர் கிடைக்காதபோது செய்யும் தயம்முமுக்கு எவ்வெப்பொருள் தகும் என்ற வினாவில் நூரா இடம்பெறுகிறது. ஹிஜ்ரி 428-இல் மறைந்த இமாம் குதூரியின் சுருக்க நூல் ஹனஃபி மதரஸாக்களில் ஓதப்படுவது. பூமியின் இனத்தைச் சேர்ந்த எதனாலும் தயம்மும் கூடும் என்பது இமாம் அபூஹனீஃபா, இமாம் முஹம்மத் ஆகியோரின் கருத்து என்று கூறும் அந்நூல், மண், மணல், கல் ஆகியவற்றோடு நூராவையும் எடுத்துக்காட்டுகிறது. இமாம் அபூயூஸுஃபோ மண், மணல் ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். ஷாஃபிஈ மத்ஹபில் புழுதியுள்ள மண்ணே தகும், நூரா தகாது.

திருச்சி, தஞ்சை முதலிய உள்நாட்டுப் பகுதிகளின் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈகள். எனவே ஒரே சுண்ணாம்பு தொட்டியத்து ஜமாஅத்துக்கு ஒரு சட்டமும் காயல் ஜமாஅத்துக்கு வேறொரு சட்டமும் தருகிறது. எரிந்து சாம்பலாவதும் நெருப்பில் உருகுவதும் பூமியின் இனம் ஆகா என்பது ஹனஃபி அறிஞர் கொண்ட அளவுகோல். சுண்ணாம்புக்கல் காளவாசலில் சாம்பலாவதும் இல்லை, உருகுவதும் இல்லை. நெருப்பைக் கடந்த பின்னும் அது கல்லின் இனமே என்று அவர்கள் கருதியதும், அது கல்லாகவே திரும்புகிறது என்று இன்றைய வேதியியல் காட்டுவதும் அருகருகே வைத்து எண்ணத்தக்கவை.

வாயிலும் கலயத்திலும்

வெற்றிலை போடும் வழக்கம் அரபுப் பயணிகளை வெகுவாகக் கவர்ந்தது. தாம்பூலத்தை அவர்கள் ‘தன்பூல்’ என்றனர். 14-ஆம் நூற்றாண்டின் இப்னு பதூதா, ஓமானின் தென்கோடியிலுள்ள ழஃபார் நகரைப் பற்றி எழுதுமிடத்தில் வெற்றிலைக் கொடியை வருணித்து, பாக்கை உடைத்து வாயிலிட்டு, இலையில் சிறிது நூரா தடவி, இரண்டையும் சேர்த்து மெல்லும் முறையைக் கூறுகிறார். பின்னாளில் மஃபர் எனப்பட்ட நம் கடற்கரைக்கும் மதுரைக்கும் அவர் வந்து சென்றதை வாசகர் அறிவர்.

சுண்ணாம்பின் காரத்திலேயே பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் சிவக்கின்றன. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் செந்நிறம் எழுவதும் இதே காரத்தின் செயல். ஆனால் சுண்ணாம்பு நிறத்தோடு நிற்பதில்லை. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருளை அது வேறொன்றாக மாற்றுகிறது. வாயின் மென்தோலையும் அரிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத தாம்பூலமும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதே என்றும், பாக்கு மட்டுமேகூட அவ்வாறே என்றும் வகைப்படுத்தியது. சடங்குக்குத் தட்டில் வைக்கும் வெற்றிலை வேறு. நாள்தோறும் கன்னத்தில் அடக்கி வைக்கும் தாம்பூலம் வேறு. கொடிக்காலையே வாழ்வாகக் கொண்ட உழவரின் நலனை விரும்புகிற நாம், இவ்வுண்மையையும் மறைத்தல் ஆகாது.

சுண்ணாம்பு நன்மை செய்யும் இடங்களும் பல. கொடிக்காலை அழிக்கும் வாடல் நோய்க்கு உழவர் ஊற்றுவது போர்டோ கலவை. அது மயில்துத்தமும் நீற்றிய சுண்ணாம்பும் சேர்ந்தது. எனவே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கொடியிலேயே துணை நிற்கிறது. பனையிலிருந்து இறங்கும் சாறு சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவிக் கட்டினால் அதன் காரம் நொதிகளை அடக்கிவிட, சாறு பதநீராகவே இறங்குகிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. விலக்கப்பட்டதற்கும் ஆகுமானதற்கும் இடையே நிற்பது விரலால் பூசிய சுண்ணாம்பு. பனங்கருப்பட்டியை விரும்பி உண்ணும் நாம் பனையேறியின் இச்சிறு செயலுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

நம் சமுதாயம் பெரும் பங்கு வகித்த தோல் தொழிலிலும் சுண்ணாம்புத் தொட்டியே முதற்படி. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல், திருச்சிச் செம்பட்டு ஆகிய இடங்களின் பதனிடும் சாலைகளில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தே மயிரை நீக்கினர். காரம் மயிரின் வேரைத் தளர்த்தித் தோலின் நார்களைப் பிரிக்கிறது. இத்தொழில் பல குடும்பங்களுக்கு வாழ்வளித்தது; கழிவுநீர் பாலாற்றங்கரைக் கிணறுகளையும் கெடுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் குறித்து வழங்கிய தீர்ப்பு இந்தியச் சூழலியல் சட்டத்தின் மைல்கல். பொருளின் பயனைக் கொள்பவர் அதன் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

சுவராக நின்ற சுண்ணாம்பு

இத்தனை பயன்களிலும் பெரியது கட்டடமே. தொட்டியத்திலிருந்து காவிரியின் போக்கிலே கிழக்கே வந்தால் முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இவ்விடத்தில் ஆர்தர் காட்டன் 1836-இல் மேலணையை எழுப்பத் தொடங்கியபோது, இந்நாட்டில் சிமெண்டு பரவலான வழக்குக்கு வந்திருக்கவில்லை. சுண்ணாம்புக் காரையில் பிணைந்த கட்டுமானமே காவிரி வெள்ளத்தை எதிர்த்து நின்றது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்துப் பகுதியின் மதகுகள் சில உடைந்து வீழும் வரை, ஏறத்தாழ 180 ஆண்டுகள் அது பணி செய்தது.

திருச்சி நகருக்குள், 1752-இல் கொல்லப்பட்ட சந்தா சாஹிபின் அடக்கத்தலம் அமைந்துள்ள நத்ஹர் வலி தர்காவின் குவிமாடமும், இன்று அரசு அருங்காட்சியகம் இயங்கும் நாயக்கர் கால மண்டபமாகிய ராணி மங்கம்மாள் மகாலின் வளைவுகளும் சுண்ணாம்பு யுகத்தின் சாட்சிகள். நாகூரில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் எழுப்பிய பெரிய மினாரா 131 அடி உயரம் உடையது. கடற்காற்றின் உப்பையும் புயல்களையும் தாங்கி அது நிற்கிறது. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியும் சென்னை திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளியும் கருங்கல்லால் ஆனவை எனினும், கல்லைக் கல்லோடு இணைத்தும் தளத்தை மூடியும் காத்தது சுண்ணாம்பே.

அக்காலக் கொத்தனார் சுண்ணாம்பை வாங்கியவுடன் பூசியதில்லை. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் நீர் மூடப் பல நாட்கள், வசதியிருப்பின் பல மாதங்கள், ஊறவிட்டனர். பின்னர் மணலோடு சேர்த்து, வட்டச் சாலில் மாடு கட்டி இழுக்கும் கல்லுருளையின் கீழ் அரைத்தனர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லப் பாகும் அதில் சேர்ந்தன. இது வெறும் நம்பிக்கையன்று. சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு மிகுதியாகக் கரைகிறது. காரை இழுவையாகவும் வழவழப்பாகவும் அமைகிறது. கடுக்காயின் துவர்ப்பும் காரையின் தன்மையை மேம்படுத்துகிறது. மேற்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் போல அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்துப் பளபளக்கச் செய்தனர். ‘மதராஸ் சுண்ணம்’ என்று ஐரோப்பியர் வியந்து எழுதியது இதையே. பளிங்கென்று மயங்கித் தொட்டுப் பார்த்தவர் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் முட்டைப் பூச்சு என்ற பெயரில் அது இன்றும் ஒளிர்கிறது. மாடித் தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினர்.

இந்தச் சுண்ணாம்பு நாகரிகம் இந்துமாக்கடலைச் சுற்றிலும் பரவியிருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் கில்வா, 1658-இல் கட்டப்பட்ட மாலத்தீவின் மாலே ஜும்ஆப் பள்ளி ஆகியவை பவளக்கல்லால் எழுந்தவை. மொராக்கோவில் சோப்பு தேய்த்து மெருகேற்றும் ‘ததலாக்த்’, யமனில் கல்லால் தேய்த்துக் கொழுப்புப் பூசும் ‘கதாத்’, நம் மதராஸ் சுண்ணம் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தின் உடன்பிறப்புகள்.

சிமெண்டின் வருகை

1824-இல் இங்கிலாந்தின் ஜோசஃப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் முதல் முயற்சி 1904-இல் சென்னையில், கடற்சிப்பிகளை மூலப்பொருளாகக் கொண்டு நடந்தது, அது நிலைக்கவில்லை. திருச்சி மாவட்டத்தில் கல்லக்குடியை ஒட்டிய டால்மியாபுரத்தில் 1939-இல் ஆலை எழுந்தது. அங்கு வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியை மூடியிருந்த கடலின் பவளமும் பாசியும் இறுகியது. 1860-களில் பிளான்ஃபோர்டு முதலிய நிலவியலாளர் இப்பகுதியின் கடல்வாழ் உயிரெச்சங்களை விரிவாக ஆராய்ந்தனர். இன்றைய கோபுரங்களும் பாலங்களும் அக்கடலின் எச்சத்தாலேயே நிற்கின்றன.

சிமெண்டும் சுண்ணாம்பின் வழித்தோன்றலே. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கால்சியம் ஆக்ஸைடுதான். வேறுபாடு இதுவே: களிமண்ணோடு சேர்த்து 1,450 பாகை அளவில் சுடப்படும்போது சுண்ணாம்பு மணற்சத்தோடு பிணைந்துவிடுகிறது. எனவே சிமெண்டு காற்றுக்குக் காத்திராமல் நீரோடு சேர்ந்து சில மணி நேரத்தில் இறுகுகிறது. அடுக்குமாடியும் அகன்ற பாலமும் இதனாலேயே இயன்றன. விரைவையும் வலிமையையும் மறுப்பது நம் நோக்கமன்று. பெருகும் தொழுகையாளருக்கு மேல்தளம் கட்டும் ஜமாஅத்துக்குச் சிமெண்டைத் தவிர வேறு வழியில்லை என்பதும் மெய்.

இடர் வருவது பழைய சுவரின் மேல் சிமெண்டைப் பூசும்போது. சுண்ணாம்புச் சுவர் நுண்துளைகள் நிறைந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரமும் மழைநீரும் அதனுள் புகுந்து, பின் ஆவியாக வெளியேறிவிடும். நுண்ணிய வெடிப்புகளில் ஊறும் நீர் சிறிதளவு சுண்ணாம்பைக் கரைத்து வந்து அங்கேயே படிய விட்டு அடைத்துக்கொள்வதும் உண்டு. காரை செங்கல்லைவிட மென்மையானது. எனவே சுவர் சற்று அசைந்தாலும் செங்கல் உடைவதில்லை. இத்தகைய சுவரைச் சிமெண்டாலோ பிளாஸ்டிக் வண்ணத்தாலோ மூடினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். கரைந்த உப்புகள் பூச்சுக்குப் பின்னே படிகங்களாகி விரிந்து, செங்கல்லைப் பொடியாக்கும். சிமெண்டுப் பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழும்போது பழைய சுவரின் தோலையும் பெயர்த்துக்கொண்டே விழும்.

காவிரிக் கரையில் நாம் தொழுத பள்ளிவாசல் ஒன்றில் இதைக் கண்ணாரக் கண்டோம். மிஹ்ராபின் இருபுறமும் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து, தொட்டால் செங்கல் மாவாக உதிர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நல்லெண்ணத்தோடும் நன்கொடைப் பணத்தோடும் சிமெண்டு பூசியதாகச் சொன்னார்கள். ‘பழைய சுவர் இற்றுவிட்டது, இடித்துவிடலாம்’ என்ற பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. சுவர் முதுமையால் இற்றுவிடவில்லை, மூச்சடைத்துப் போயிருந்தது. முன்பெல்லாம் ரமலானுக்கு முன் சிறிது நீலம் கலந்து அடிக்கப்பட்ட வெள்ளை அழகுக்கு மட்டும் உரியதன்று. ஆண்டுதோறும் சுவருக்கு அளிக்கப்பட்ட மருந்து அது. நுண்துளையை மூடாமலே அது வெடிப்பை நிரப்பியது. அதன் காரம் பூஞ்சையையும் கிருமியையும் அடக்கியது.

அமிரிய்யா காட்டும் வழி

யமனின் ரதா நகரில் தாஹிரிய்யா வமிசத்து சுல்தான் ஆமிர் இப்னு அப்துல் வஹ்ஹாப் 1504-இல் கட்டிய அமிரிய்யா மதரஸா, இருபதாம் நூற்றாண்டில் இடிந்து விழும் நிலையை எட்டியது. ஈராக்கைச் சேர்ந்த தொல்லியலாளர் ஸல்மா அர்-ராழீ 1980-களில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் அதன் சீரமைப்பில் ஈடுபட்டார். சிமெண்டைத் தவிர்த்து, வழக்கொழிந்துகொண்டிருந்த கதாத் கலையை உள்ளூர்த் தொழிலாளரைக் கொண்டே மீட்டெடுத்துப் பூசினர். 2007-இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. காக்கப்பட்டது ஒரு கட்டடம் மட்டுமன்று. அதைக் கட்டத் தெரிந்த கைகளும் மீண்டும் உருவாயின.

இதற்கு நாம் யமனுக்குப் போக வேண்டியதும் இல்லை. நமக்கு அண்டையிலுள்ள ஸ்ரீரங்கம் கோயிலின் சீரமைப்புக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுக் காப்பு விருது கிடைத்தது. மரபு நுட்பங்களைக் கையாண்டு பழமையைப் பேணியமை அவ்விருதுக்கு அடிப்படை. அண்டை வீட்டார் தம் மரபைப் பேணும் முறையிலிருந்து நாம் கற்பதில் குறையேதும் இல்லை. நாகூர் மினாராவை எழுப்பியவர் ஒரு மராட்டிய மன்னர். சுண்ணாம்பு அரைத்த கைகள் எந்தச் சமயத்துக்கு உரியவை என்று எவரும் கேட்டதில்லை.

நம் ஜமாஅத்துகள் செய்யத்தக்கவை சில உண்டு. பழைய பள்ளியில் விரிவாக்கம் தேவையெனில், பழைய தொழுகைக் கூடத்தை இடிக்காமல் அதை ஒட்டிப் புதியதைக் கட்டலாம். இடிக்க முடிவெடுக்கும் முன் சுண்ணாம்புக் கட்டடம் அறிந்த பொறியாளரைக் கேட்கலாம். பழைய காரையின் சிறு துண்டைச் சோதனைக்கு அனுப்பி, அதன் கலவை விகிதத்தை அறியலாம். சிமெண்டுப் பூச்சைக் கவனமாக நீக்கி, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பே பூசலாம். இப்பணிக்குக் காலம் வேண்டும், மழைக்காலத்தைத் தவிர்க்க வேண்டும், கூலியும் கூடும். நீற்றும்போது கண்ணுக்கும் தோலுக்கும் காப்பு வேண்டும். ஆயினும் ஒரு முறை ஊரில் நான்கு கொத்தனார்கள் இதைக் கற்றுக்கொண்டால் அக்கலை அவ்வூரில் தங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முன்னோர் மன்னார் வளைகுடாவின் பவளத்தைச் சுட்டனர் என்பதற்காக நாமும் அதைச் செய்தல் ஆகாது. 1986-இல் அப்பகுதி கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. இலங்கையின் தென்மேற்குக் கரையில் பவளப்பாறை அகற்றப்பட்ட இடங்களில் 2004 ஆழிப்பேரலை கூடுதல் சீற்றத்தோடு உட்புகுந்ததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். நிலத்தின் சுண்ணாம்புக்கல்லே நம் தேவைக்குப் போதும்.

தொட்டியத்தின் வெற்றிலைக் கடையில் சிறு சிமிழில் இருக்கும் களிம்பு, திருச்சியின் குவிமாடத்தையும் நாகூரின் மினாராவையும் தாங்கும் அதே பொருள். சிமிழின் மூடி திறந்து கிடந்தால், சில நாட்களில் அதன் மேல் ஒரு கடினமான ஏடு படிவதை எவரும் காணலாம். காற்றைத் தொட்டவுடன் அது கல்லாகத் திரும்பத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். காற்றுப் புக இடம் விட்டால் நம் பள்ளிவாசல்களின் சுவர்களிலும் அது தன் வேலையைத் தொடரும். அந்த இடத்தை அடைத்துவிடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.